எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கணக்கு உண்டு, அம்பாப் பாட்டுக்கு?

திருகோணமலைத் துறைமுகம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் 99 என்ற எண் கட்டாயம் வரும். சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளின் எண்ணிக்கை அது. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் மோடி கொழும்புக்கு வந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து, இந்த நகரை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. சம்பூர் சூரிய மின் திட்டமும் அப்போதே தொடங்கிவைக்கப்பட்டது, 120 மெகாவாட். முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல் காணிகளுக்காகத் தெருவில் இறங்கியதும் அதே ஆண்டுதான்.

தாங்கி, மெகாவாட், ஏக்கர் எல்லாவற்றுக்கும் எங்களிடம் கணக்கு இருக்கிறது. இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் என்ன பாடினார்கள் என்பதற்கு இல்லை. இத்தனை நெருக்கடிக்குள் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு, இன்னொரு துறைமுகத் தீவின் கதையைச் சொல்கிறேன்.

ஜப்பானின் தென்கோடியில் ஒகினாவா இருக்கிறது. 1879இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொள்ளும்வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. அதற்கும் எங்கள் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. 1944 நவம்பரில் பிரித்தானியப் பசிபிக் கடற்படை இதே துறைமுகத்தில்தான் உருவாக்கப்பட்டது. 1945இல் அந்தக் கப்பல்கள் போய்த் தாக்கிய இடங்களில் மியாகோ, இஷிகாகி ஆகிய தெற்குத் தீவுகளும் அடங்கும். அந்தச் சண்டை முடிந்தபோது ஒகினாவா மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உயிரோடு இல்லை.

மிஞ்சியவர்களை அமெரிக்க இராணுவம் முகாம்களில் அடைத்தது. முகாம் என்றால் என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களின் பாரம்பரிய வாத்தியம் சன்ஷின். மூன்று தந்தி, பாம்புத்தோல் போர்த்த சிறிய குடம். எல்லாம் எரிந்துபோன பிறகு, சனங்கள் இராணுவம் எறிந்த வெறும் தகரப் பேணியைக் குடமாகவும், கட்டில் சட்டத்தைத் தண்டாகவும், பரசூட் நூலைத் தந்தியாகவும் வைத்து அதைச் செய்தார்கள். இஷிகாவா முகாமில் ஒனாஹா பூத்தென் என்ற பல் வைத்தியர், தெருயா ரின்ஸ்கே என்ற இளைஞனையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடினார். செத்த வீட்டில் பாட்டா என்று கோபித்தவர்களிடம், உயிர் தப்பியதைக் கொண்டாட வந்தோம் என்றார். செட்டிகுளத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நாங்கள் எப்படி எடுத்திருப்போம் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பதில் என்னிடம் இல்லை.

அதற்கு முன்பே இன்னொரு காரியம் நடந்திருந்தது. பிழைப்புக்காக ஒசாகாவுக்குப் போன ஒகினாவாக்காரர் ஃபுகுஹாரா சோக்கி, 1927இல் மருஃபுகு என்ற இசைத்தட்டுக் கம்பனியைத் தொடங்கி ஊர்ப்பாட்டுகளைப் பதிவுசெய்தார். ஊரில் போர் எல்லாவற்றையும் அழித்தபோது வெளியே இருந்த தட்டுகளில் குரல்கள் தப்பின. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கவிட்ட அரசு அது. அந்த மொழிகளை யுனெஸ்கோ 2009இல் அழியும் ஆபத்தில் உள்ளவை என்று பட்டியலிட்டது. வீட்டில் பேசாத பிள்ளைகளும் இன்று அவற்றைக் கேட்பது பெரும்பாலும் பாட்டில்தான்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. ஜப்பானின் நிலத்தில் 0.6 வீதமே உள்ள ஒகினாவா, அங்குள்ள அமெரிக்கத் தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தைச் சுமக்கிறது. 2019 பெப்ரவரி வாக்கெடுப்பில் 72 வீதமானோர் வேண்டாம் என்ற பிறகும் ஹெனோகோவில் கடலை நிரப்பும் வேலை நிற்கவில்லை. பாட்டு எந்தத் தளத்தையும் அகற்றவில்லை. உலகம் அறிந்த ‘ஷிமா உத்தா’வை 1992இல் வெளியிட்டதும் ஒகினாவாக்காரர் அல்ல, பெருநிலத்துக் குழு ஒன்று. ஆனால் பதிவு அவர்கள் கையில் இருப்பதால், எது தங்கள் பாட்டு, எது சுற்றுலாப் பாட்டு என்று அவர்களால் வாதாட முடிகிறது.

எங்கள் பக்கம் வருவோம். திருகோணமலையின் பொப் பாட்டுக்கு ஒரு தடம் இருக்கிறது. பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் பெயரைச் சொன்னால் இன்றும் மூத்தவர்கள் முகம் மலரும். இசைத்தட்டாக வந்ததால், வானொலி ஒலிபரப்பியதால் அது நின்றது. கரைவலை இழுத்தவர்களின் அம்பாப் பாட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அம்பா மேடைப் பாட்டல்ல, தொழிற் கருவி. தோணி கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு வரும். இரு பக்கக் கயிற்றையும் கரையில் நிற்பவர்கள் இழுப்பார்கள். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று ஏற்பார்கள். அந்த ஏற்பில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் வேகமும் கூடும். சாமியும் வரும், சம்மாட்டியைக் குத்தும் பகிடியும் வரும், அச்சில் போட முடியாத வரிகளும் வரும். தொகுப்பாளர்கள் தவிர்த்தவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான் என்பது என் சந்தேகம்.

யுத்த காலத்தில் பாஸ் நடைமுறையும் இரவுத் தடையும் கடலைச் சுருக்கின. 2006 ஏப்ரலில் எறிகணை வீச்சோடு சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா சனங்கள் ஓடினார்கள். 2007இல் அங்கே உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. பிறகு அனல் மின்நிலையத் திட்டம், அது 2016இல் கைவிடப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஏறத்தாழ பத்து வருடம் கயிறு பிடிக்காத கைகள் ஊர் திரும்பியபோது, கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கத் தொடங்கியிருந்தது. வின்ச் கூடுமா கூடாதா என்று இன்று நடக்கும் சண்டை கடல் வளத்தையும் கூலியையும் பற்றியது. அது நியாயமான சண்டை. வின்ச்சுக்கு அடியெடுப்பவர் தேவையில்லை என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அம்பா கேட்டு நான் போன இடங்களில் எல்லாம் ஒன்றையே கண்டேன். கதிரையில் இருத்திக் கைத்தொலைபேசியை நீட்டினால் பெரியவர்களுக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. கயிற்றைக் கையில் கொடுத்தால் வரும். ஆகவே பதிவு கரையில்தான் நடக்க வேண்டும். ஒரு முழு வலை இழுத்து முடியும்வரை, பகிடியையும் வெட்டாமல். மூதூர், கிண்ணியா முஸ்லிம்களிடமும் பருவத்துக்கு வந்துபோகும் சிங்களத் தொழிலாளர்களிடமும் உள்ளவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும், கடற்கரையில் காது ஒன்றுதான்.

இதற்குப் பெரும் காசு தேவையில்லை. திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எடுத்ததைப் பாதுகாக்க நூலகம் நிறுவனம் இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களிடம் பழைய கசெற்றுகள் இருக்கின்றன. கலியாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ யாரோ தற்செயலாகப் பதிந்தவை, ரொறன்ரோவிலும் லண்டனிலும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. நாடா பூஞ்சணம் பிடித்தால் அதிலுள்ள குரலை மீட்பது கடினம். சோளகக் காலத்தில் கடல் அடங்கிக் கரைவலை நடக்கும் மாதங்கள் கொஞ்சம். அடியெடுக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் எழுபதைத் தாண்டியவர்கள்.