முகாமுக்கு முன் ஒரு ஒத்திகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு எங்கள் திருவாலங்காட்டுப் பக்கத்து ஐ.டி.ஐ. பிள்ளைகள் பலர் சான்றிதழ் ஃபைலை மட்டும் நம்பிப் போகிறார்கள். ஃபிட்டர், டர்னர் வேலைக்குப் போனால் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து ஓர் இரும்புத் துண்டை அளக்கச் சொல்லலாம். காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. என்பதெல்லாம் படித்ததுதான். ஆனால் கருவியைத் தொட்டு ஒரு வருடம் ஆனவருக்குக் கை தடுமாறும். முந்தின வாரமே படித்த இடத்துக்குப் போய் அளந்து பழக வேண்டும். நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. நிரந்தர வேலையா, ஒப்பந்தமா, பழகுநர் பயிற்சியா? 1961-ஆம் ஆண்டு பழகுநர் சட்டத்தின்படி சேருபவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் என்றால் ரயிலில் சென்னை போய் வண்டி மாற வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப வழியுண்டா, தங்குமிடம் தருவார்களா என்று தயங்காமல் கேட்கட்டும். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

2022 மார்ச்சில் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் படிக்கும் மாணவருக்குக் கைகொடுக்கிறது. படித்து முடித்து வீட்டில் இருப்பவர்களுக்காக, ஒவ்வொரு முகாமுக்கும் முந்தின வாரம் திருவாலங்காடு ஒன்றியத்திலேயே தமிழில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்த மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருவாலங்காடு