எளியவன் நோய்க்கு எளியவனே குற்றவாளியா?

2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நச்சுச் சாராயம் குடித்து அறுபதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கிழமையில் ஆசிரியர் அறையில் எழுந்த பேச்சொன்றை இங்குக் குறிக்கின்றேன். "குடிப்பவன் சாகின்றான், அவன் குடும்பத்திற்கு நம் வரிப்பணத்தில் பத்து இலக்கமா?" என்றார் ஒருவர். சூழ இருந்தோர் தலையசைத்தனர். அங்ஙனம் வினவியவர் முந்திய ஆண்டில்தான் நெஞ்சாங்குலை அடைப்பிற்கு அறுவை செய்துகொண்டு, ஊதியத்தோடு கூடிய நெடுவிடுப்பிலிருந்து மீண்டவர். நாளொன்றுக்குப் பதினைந்து வெண்சுருட்டு ஊதியவர். மருத்துவச் செலவிற் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றது. அவரை எவரும் அவ்வாறு வினவவில்லை, வினவவும் கூடாது. நோயுற்றோனை நோகப் பேசுதல் தமிழர் பண்பன்று. ஆனால், அப்பண்பு ஊதியப் பட்டியலைப் பார்த்த பின்னர்த்தான் பிறக்குமோ?

'ஏழைக்கு நோய் வருவது அவன்றன் தீய பழக்கத்தால். பழக்கத்தை விட்டால் நோய் விடும்' என்பது கற்றோர் வாயில் இன்று வேதவாக்காகி விட்டது. இஃது அரையுண்மை. அரையுண்மை முழுப் பொய்யினும் கேடானது. பொய்யென்று எளிதில் தள்ள முடியாததாகலின்.

இக்கூற்றை நாம் உரைத்துப் பார்த்தற்கு நல்லதோர் உரைகல் இலண்டனில் உள்ளது. அங்கு அரசுத் துறைகள் செறிந்த ஒயிட்டால் பகுதியின் ஆண் அலுவலர் பதினேழாயிரவருக்கு மேற்பட்டோரை 1967 முதல் மருத்துவ அறிஞர்கள் தொடர்ந்து ஆய்ந்தனர். மைக்கேல் மார்மட்டும் அவர்தம் துணைவரும் 1978இல் வெளியிட்ட முடிவு இது: ஏழரை ஆண்டுக் காலத்தில், கடைநிலையிலிருந்த ஏவலரும் வாயில் காப்போரும் தலைமை அதிகாரிகளைப்போல் 3.6 மடங்கு நெஞ்சாங்குலை நோயால் இறந்தனர். இவர்கள் பட்டினி கிடந்தோர் அல்லர். சுரங்கத்தில் உழன்றோரும் அல்லர். அனைவர்க்கும் நிலையான அரசுப் பணி. 1948 முதல் அந்நாட்டில் மருத்துவமோ கட்டணமின்றிக் கிடைப்பது.

கடைநிலையினர் மிகுதியாகப் புகைத்தனர் என்பது மெய். அதனை அவ்வறிஞர் மறைத்திலர். ஆயின், புகை, குருதியழுத்தம், குருதிச் சருக்கரை, உடற்பருமன், உடலுழைப்புக் குறைவு அனைத்தையும் கணக்கிற் கழித்த பின்னரும் இடைவெளி பெரிதாகவே எஞ்சி நின்றது. எஞ்சியது யாது? 1985இல் பதினாயிரவருக்கு மேற்பட்ட ஆடவரையும் பெண்டிரையும் கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வு அதற்கு ஒரு விடையைச் சுட்டிற்று. தன் வேலையைத் தான் ஆளும் உரிமையின்மை அது. எப்போது எழுவது, எதை முதலிற் செய்வது என்பதைக்கூடப் பிறர் ஏவ வாழ்பவனின் நெஞ்சாங்குலை விரைவில் நலிகின்றது. ஏவலும் நோயே!

ஆள்வோர் இத்தகைய செய்தியை எங்ஙனம் வரவேற்பர் என்பதையும் அந்நாடே காட்டிற்று. வகுப்பு வேற்றுமையால் விளையும் உடல்நலக் கேட்டை ஆராய 1977இல் அமர்த்தப்பட்ட தக்ளசு பிளாக்குக் குழுவின் அறிக்கையைத் தாட்சர் அரசு 1980 ஆகத்தில், விடுமுறையை ஒட்டி, 260 படிகள் மட்டுமே உருட்டச்சிட்டு வெளியிட்டது. நாட்டுக்கு நாடு ஆள்வோர் வேறுபடலாம். அமுக்கும் கை ஒன்றே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மூட்டை தூக்குவோன் வாயில் புகையிலையை அடக்குவது இன்பத்திற்கென்றா நினைக்கின்றீர்? என் மாணவன் ஒருவனின் தந்தையை நான் கடிந்துகொண்டபோது, "பசி தெரியாதுங்க ஐயா" என்றார் அவர். நான் படித்த இலக்கணத்தில் அதற்கு மறுமொழி இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் மலக்குழிக்குள் மாந்தனை இன்னும் இறக்குகின்றோம். நாற்றம் தாங்குதற்கு அவன் குடித்துவிட்டு இறங்குகின்றான். இறக்கிவிட்டவன் கரையில் நின்று 'குடிகாரப் பயல்' என்கின்றான்!

கருணாபுரத்தில் மாண்டோரிற் பலர் நாட்கூலிகள். டாசுமாக்குக் குப்பியின் விலைக்குக் கையிற் காசில்லாமையால் மலிவுச் சாராயத்தை நாடினர். அதிற் கலந்திருந்த மெத்தனால் கல்லீரலில் எறும்பமிலமாக மாறிக் கண்ணரம்பைச் சிதைத்துப் பின் உயிரை உண்டது. செல்வன் குடிப்பதும் வெறியமே. ஆனால் அவன் குப்பியில் மெத்தனால் இல்லை. பழக்கம் ஒன்று, சாவு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குடியை யான் வேண்டுகின்றேன் என எவரும் திரித்தல் வேண்டா. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அந்நெறியினின்று யான் அணுவளவும் பிறழேன். ஆயின், 2003 முதல் தானே சில்லறைக் கடை வைத்து விற்று, 2023–24இல் மட்டும் 45,000 கோடி உருவாவுக்கு மேல் அதனால் வருவாய் ஈட்டிய அரசு, மறுகையால் குடியின் கேட்டைக் குறித்துக் குப்பியில் அச்சிடுவதை அறவுரை என்று ஏற்கவும் யான் அணியமாயில்லை.

ஒன்று மட்டும் நம் அன்பர்கள் உடனே செய்யக்கூடும். நாட்டின் உரிமையாளன் எனப் பொருள்படும் 'குடிமகன்' என்னும் அருஞ்சொல்லை, தெருவில் விழுந்து கிடக்கும் ஏழையை எள்ளி நகையாட நம் நாளிதழ்கள் கையாள்கின்றன. விண்மீன் விடுதியிற் குடிப்பவனை அவை ஒருநாளும் அப்பெயரால் அழைத்ததில்லை. சொல்லையும் கெடுத்து மாந்தனையும் இழிக்கும் இக்கேலியை எங்குக் கண்டாலும், அவ்விதழாசிரியர்க்கு அன்றே ஓர் அஞ்சலட்டை விடுக்க.