டிரெயில் இருக்கு, டீக்கடை இல்லை: வேல்ஸ் மலைகளின் சைக்கிள் பாதைகளுக்கு என்ன ஆச்சு?

ஊசியிலைக் காடு, நடுவில் பாறைகள் பதித்த ஒற்றையடிப் பாதை, பக்கத்தில் அருவிச் சத்தம், உடம்பெல்லாம் சேறு. மவுன்டன் பைக்கிங் வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பவே பழக்கம். அந்த வீடியோக்களில் பல, வேல்ஸ் நாட்டில் எடுக்கப்பட்டவை. பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்தச் சின்ன நாடு, மலை சைக்கிள் பிரியர்களுக்கு முக்கியமான தலம்.

ஆனால், 2025 மார்ச் 31-ம் தேதியோடு அங்கே ஒரு மாற்றம். வேல்ஸ் அரசின் இயற்கை வளத் துறையான ‘நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ்’ (சுருக்கமாக என்.ஆர்.டபிள்யூ.), தன்னுடைய 3 பார்வையாளர் மையங்களில் கஃபே, கடை இரண்டையும் நடத்துவதை நிறுத்திவிட்டது. அதில் ஒன்று, பிரிட்டனின் முதல் மவுன்டன் பைக் டிரெயில் மையமான கோய்ட் அ பிரெனின்.

“ஒரு கஃபே மூடினதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?” என்று கேட்கலாம். பாதைகளை யாரும் மூடவில்லையே என்றும் தோன்றலாம். விஷயம் அவ்வளவு எளிது இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்தப் பாதைகள் எங்கே இருக்கின்றன?

வடக்கில் எரரி தேசியப் பூங்கா. ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா என்றால் பலருக்குத் தெரியும். இங்கே டோல்கெத்லி என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது கோய்ட் அ பிரெனின். வெல்ஷ் மொழியில் ‘அரசனின் காடு’ என்று பொருள். 1935-ல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி வைத்த பெயர். காட்டுக்குள் பழைய தங்கச் சுரங்கம், ஆறுகள், அருவிகள் எல்லாம் உண்டு. இங்கே இருக்கும் ‘பீஸ்ட் ஆஃப் பிரெனின்’ பாதை சுமார் 38 கி.மீ. பெயருக்கு ஏற்ற மாதிரி ஆளைப் பிழிந்து எடுத்துவிடும்.

நடுப் பகுதியில், அபெரிஸ்ட்வித் கடற்கரை நகரத்துக்குக் கிழக்கே, புல்க் நான்ட் அர் ஆரியன். உயரமான திறந்தவெளி மலை, ஏரிகள், தலைக்கு மேல் வட்டமிடும் சிவப்புப் பருந்துகள். ஒருகாலத்தில் வேட்டையாலும் விஷத்தாலும் பிரிட்டன் முழுக்க அழிந்து, வேல்ஸின் நடுப் பகுதியில் மட்டும் சில ஜோடிகள் எஞ்சியிருந்த பறவை இது. இங்கே பருந்துகளுக்குத் தினமும் இரை போடுவதைப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும். கஃபே நின்றுபோன மூன்று மையங்களில் இதுவும் ஒன்று. மூன்றாவது, கடலோர மணல்மேடுகளுக்குப் பெயர்போன அனிஸ்லாஸ். அது சைக்கிள் மையம் இல்லை.

தெற்கில், போர்ட் டால்பட் நகரத்துக்கு மேலே அவான் பள்ளத்தாக்கு. முன்னாள் நிலக்கரிப் பூமி. சுரங்கங்கள் மூடிய பிறகு அந்த மலைச்சரிவுகளில் சைக்கிள் பாதைகள் வந்தன. பழைய ரயில் தடம்கூட இப்போது சைக்கிள் தடம்தான். வாசலிலேயே சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகம். மேலே ஏறினால் 76 காற்றாலைகள் கொண்ட பென் அ கமோயத் காற்றாலைப் பண்ணை. நிலக்கரி முதல் காற்றாலை வரை ஒரே ரைடில் பார்த்துவிடலாம்.

நீண்ட பயணம் வேண்டும் என்பவர்களுக்கு ‘டிரான்ஸ் கேம்பிரியன் வே’ இருக்கிறது. இங்கிலாந்து எல்லையில் உள்ள நைட்டனில் தொடங்கி, மேற்குக் கடலோர டவி முகத்துவாரம் வரை சுமார் 160 கி.மீ. பெரும்பாலானோர் 3 நாள் எடுத்துக்கொள்வார்கள்.

மலை இருக்கு, பாதை இருக்கு... தனியாக எதற்கு டிரெயில் மையம்?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில், சட்டத்தில் இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயல், மலை வழியாகப் போகும் பொதுப் பாதைகளுக்கு வகை உண்டு. நடைபாதை என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். குதிரைப் பாதை என்றால் நடக்கலாம், குதிரையில் போகலாம், 1968-ம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளிலும் போகலாம். ஆனால் சைக்கிளில் வருபவர், நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: சைக்கிளுக்கு வசதியாக அந்தப் பாதையைச் சீரமைத்துத் தரும் கடமை அரசுக்குக் கிடையாது.

வேல்ஸில் இப்படிப் பதிவான பொதுப் பாதைகள் மொத்தம் சுமார் 33,000 கி.மீ. அதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு, வெறும் நடைபாதை. அதாவது, வரைபடத்தில் கோடு கோடாகப் பாதை தெரியும். ஆனால் சைக்கிளோடு போக உரிமை இருப்பது ஐந்தில் ஒரு பங்கில்தான். பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் சைக்கிளுக்கும் அனுமதி தருகிறது.

உரிமை உள்ள இடத்திலும் நெரிசல் இருக்கிறது. வேல்ஸின் உச்சமான ஸ்னோடனுக்கு (1,085 மீட்டர்) மூன்று குதிரைப் பாதைகள் ஏறுகின்றன. மே முதல் செப்டம்பர் வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை அங்கே சைக்கிள் ஓட்டுவதில்லை என்று ஒரு தன்னார்வ ஒப்பந்தம் உண்டு. சட்டப்படி தடை கிடையாது. நடப்பவர்களோடு மோதல் வேண்டாம் என்று சைக்கிள்காரர்கள் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடித்தது கோய்ட் அ பிரெனின். அரசுக்குச் சொந்தமான காடு; நடப்பவர் பாதையோடு மோதாமல், சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. 1990-களில் அங்கே வனப் பணியாளராக இருந்த டாவித் டேவிஸ் இதை முன்னெடுத்தார். மழை ஊரில் மண் பாதை நிற்காது என்பதால் பாறைகளைப் பதித்து, தண்ணீர் வடிய வழி வைத்து, எந்தப் பருவத்திலும் ஓட்டக்கூடிய தடத்தை உருவாக்கினார்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தன்மைக்கு ஏற்ப வண்ணம். இந்த மாதிரி பிரிட்டன் முழுக்கப் பரவியது.

ஆக, டிரெயில் மையம் என்பது ஆடம்பரம் இல்லை. சட்டம் மூடிவைத்த கதவுக்குப் பக்கத்தில் திறந்த இன்னொரு கதவு.

சரி, காசு எங்கிருந்து வருது?

இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பாதைகளில் ஓட்டக் கட்டணம் இல்லை. ஆனால் பாதையைப் பராமரிக்கச் செலவு உண்டு. ஒவ்வொரு மழைக்கும் கல் பெயரும், வடிகால் அடைக்கும், புயலில் மரம் விழும். வருமானம் என்று பார்த்தால் பார்க்கிங், கஃபே, கடை, வாடகை சைக்கிள், அவ்வளவுதான். மீதி அரசுப் பணம்.

என்.ஆர்.டபிள்யூ. 2013-ல் மூன்று அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்டது. வனத் துறை, சுற்றுச்சூழல் முகமை, கிராமப்புறக் கவுன்சில் மூன்றின் வேலையும் ஒரே தலையில். வெள்ள எச்சரிக்கை, ஆற்று மாசு, காடு என எல்லாமே அவர்கள் பொறுப்பு. வேல்ஸ் நிலப்பரப்பில் சுமார் 7% அவர்கள் கையில் இருக்கிறது.

2024-ல் அவர்கள் பட்ஜெட்டில் சுமார் 1.3 கோடி பவுண்டு பற்றாக்குறை. நம் மதிப்பில் ஏறத்தாழ 140 கோடி ரூபாய். 265 பணியிடங்களைக் குறைக்கலாம் என்ற முன்மொழிவு முதலில் வந்தது. பிறகு, சட்டப்படி கட்டாயம் செய்ய வேண்டிய பணிகளுக்கே முன்னுரிமை என்று முடிவானது. கஃபே நடத்துவது கட்டாயப் பணி இல்லை. நவம்பர் 2024-ல் முடிவு உறுதியானது, மார்ச் 2025-ல் கல்லா மூடியது.

‘டிரெயில், நடைபாதை, பார்க்கிங், கழிப்பறை எல்லாம் தொடரும், மையங்களை எடுத்து நடத்த உள்ளூர் அமைப்புகளையோ நிறுவனங்களையோ தேடுவோம்’ என்பது என்.ஆர்.டபிள்யூ.வின் நிலைப்பாடு. ஒரு பக்கம் யோசித்தால் நியாயம்தான். வெள்ள எச்சரிக்கையா, கேக் விற்பனையா என்று வந்தால் எந்த அதிகாரியும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

அப்போ உள்ளூர்க்காரர்களுக்கு ஏன் கோபம்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, வேலை. டோல்கெத்லி மாதிரி ஊர்களில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் வேலை குறைவு. சைக்கிள் ஓட்ட வருபவர் தங்குவார், சாப்பிடுவார், டியூப் வாங்குவார். மையத்தில் ஆள் குறைந்தால் அந்தச் சங்கிலி முழுக்க ஆடும். தெற்கில் இந்தக் கவலை இன்னும் ஆழமானது. அவான் பள்ளத்தாக்குக்குக் கீழே போர்ட் டால்பட்டில், டாடா ஸ்டீல் தன்னுடைய கடைசி ஊது உலையை 2024 செப்டம்பர் 30-ல் நிறுத்தியது. நிலக்கரி போய், எஃகும் சுருங்கும் ஊரில் சுற்றுலாவை ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு, யாருக்கு இடம் என்ற கேள்வி. கோய்ட் அ பிரெனினில் ‘மைனோடார்’ என்ற பாதை இருக்கிறது. தொடக்க நிலையினர், குழந்தைகளோடு, மாற்றுத்திறனாளிகளின் கை சைக்கிள்களும் போகும்படி அமைத்தது. 38 கி.மீ. பாதையில் ஓடுபவர் பையில் சாப்பாடு வைத்துக்கொண்டு சமாளித்துவிடுவார். சின்னக் குழந்தையோடு வரும் குடும்பத்துக்கும், வழிகாட்ட ஆள் தேவைப்படுபவருக்கும் திறந்திருக்கும் மையம்தான் தைரியம். அது மூடினால் முதலில் வராமல் போகிறவர்கள் இவர்கள்தான்.

மூன்று, அடுத்தது என்ன என்ற பயம். இன்று கஃபே, நாளை பராமரிப்பு? கட்டாயப் பணி இல்லை என்ற அதே வாதம் பாதைக்கும் பொருந்துமே! 2015-ல் ‘வருங்காலத் தலைமுறைகள் நலச் சட்டம்’ கொண்டுவந்த நாடு வேல்ஸ். பொது அமைப்புகள் நீண்டகால விளைவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓர் ஆண்டு பட்ஜெட்டுக்காக 30 ஆண்டு முதலீட்டைத் தளரவிடுவது அந்தச் சாரத்துக்குப் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி.

மரங்களுக்கும் வந்த நோய்

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. 2010-ல் வேல்ஸின் லார்ச் மரங்களில் ‘ஃபைட்டோப்தோரா ராமோரம்’ என்ற நோய் கண்டறியப்பட்டது. பரவாமல் தடுக்க, நோய் தாக்கிய மரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். அவானில் காடாக இருந்த சரிவுகள் மொட்டையாயின. வெட்டு வேலைக்காகப் பாதைகள் மூடப்பட்டன, திருப்பிவிடப்பட்டன. கும்கார்னில் பிரபலமான வனச் சாலை 2014-ல் மூடப்பட்டு, 2021-ல்தான் மீண்டும் திறந்தது. காட்டை நம்பிய சுற்றுலாவுக்குக் காட்டின் உடல்நிலையும் ஒரு செலவுக் கணக்குதான்.

வேறு வழி இருக்கிறதா?

வேல்ஸிலேயே இரண்டு முன்மாதிரிகள் உண்டு.

முதலாவது, தனியார். மெர்த்தர் டிட்ஃபில் அருகே 2013-ல் திறந்த ‘பைக்பார்க் வேல்ஸ்’. நிலம் அரசுக் காடு, நடத்துவது நிறுவனம். வண்டியில் சைக்கிளோடு மேலே ஏற்றிவிடுவார்கள், இறங்கி வர வேண்டியதுதான். கட்டணம் உண்டு. நல்ல கூட்டம். ஆனால் லண்டன், பிரிஸ்டல், கார்டிஃப் பக்கமிருந்து எளிதாக வரக்கூடிய இடம் அது. தொலைவில் இருக்கும் டோல்கெத்லியில் அதே கணக்கு எடுபடுமா என்பது சந்தேகம். இலவசமாக இருந்ததற்குக் காசு கேட்டால் உள்ளூர்ப் பிள்ளைகள் நிலை என்ன என்பதும் யோசிக்க வேண்டியது.

இரண்டாவது, சமூக நிறுவனம். ஸ்லேட் கல் வெட்டி வாழ்ந்த பிளைனை ஃபெஸ்டினியோக் ஊரில், உள்ளூர் மக்களின் ‘அன்டூர் ஸ்டினியோக்’ 2012 முதல் மலையிறக்கச் சைக்கிள் பாதைகளை நடத்துகிறது. லாபம் வெளியே போகாமல் ஊருக்குள் சுற்றுகிறது. கோய்ட் அ பிரெனினுக்கும் இப்படி ஒரு வழி வேண்டும் என்று ‘கரி கோய்ட் அ பிரெனின்’ என்ற உள்ளூர்க் குழு குரல் கொடுத்துவருகிறது. ‘கரி’ என்றால் நேசித்தல்.

நேசம் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். குத்தகை எத்தனை ஆண்டு, கட்டடப் பராமரிப்பு யார் தலையில், பார்க்கிங் வருமானம் யாருக்கு, பாதையில் விபத்து என்றால் பொறுப்பு யாருக்கு? கஃபேயை மட்டும் கொடுத்து, பார்க்கிங் காசை அரசு வைத்துக்கொண்டால் எந்த ஊர்க் குழுவும் தாக்குப்பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில்தான் இந்த மாற்றத்தின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

நீண்டகாலத்தில் இன்னொரு வழியும் உண்டு: சட்டத்தையே தொடுவது. நடைபாதைகள் சிலவற்றைச் சைக்கிளுக்கும் திறக்கலாம் என்ற பேச்சு வேல்ஸ் அரசிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆடு மேய்க்கும் விவசாயிகளுக்கும் நடைப் பயணிகளுக்கும் இதில் தயக்கம் உண்டு. ஆனால் ஓட்ட இடம் பரவலானால், ஒரு சில மையங்களின் மேல் இருக்கும் பாரம் குறையும்.

இப்போது போகலாமா?

தாராளமாக. கஃபே நின்ற இடங்களிலும் பாதைகள் திறந்தே இருக்கின்றன. சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் கிட், மழைக்கோட்டு எல்லாம் கையோடு எடுத்துப்போவது நல்லது. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலை நம்ப வேண்டாம். மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கொள்ளுங்கள். மரம் வெட்டுவதால் பாதை திருப்பிவிடப்பட்டிருக்கலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் இன்னொன்று: கிளம்புவதற்கு முன் பக்கத்து ஊரில் ஒரு டீ குடியுங்கள், ராத்திரி அங்கேயே தங்குங்கள். பாதை இலவசம்தான். அதை உயிரோடு வைத்திருப்பது, சுற்றியிருக்கும் ஊர்கள்.