பட்டாவும் நாற்காலியும்

மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சி 1977 ஜூனில் வந்தது, 2011 மே மாதத்தில் போனது. இடைவெளியில்லாத 34 ஆண்டுகள். ஓட்டு வாங்கி வந்த ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சி இவ்வளவு காலம் தொடர்ந்து நீடித்தது வேறெங்கும் இல்லை என்று தோழர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நியாயமான பெருமைதான். ஆனால் அது ஏன் விழுந்தது என்று கேட்டால் சிங்கூர், நந்திகிராம், டாடா, மம்தா என்று நாலே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. விழுந்தபோது தாங்கிப் பிடிக்கக் கீழேயிருந்து ஒரு கைகூட ஏன் நீளவில்லை? நிலம் கொடுத்த கட்சியாச்சே, அந்த நிலத்த வாங்கின சனங்க எங்க போனாங்க?

மண்ணச்சநல்லூரில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் கேட்க வேண்டும் என்றால், இங்கே நம் கூட்டங்களில் இரண்டு சுலபமான பதில்கள் உலவுகின்றன. 'செவப்பு நம்மள ஏமாத்திடுச்சு, இனி நீலம் மட்டும் போதும்' என்பது ஒன்று. 'வர்க்கத்த பேசு, சாதிய பேசினா உழைக்கிறவன் பிரிஞ்சிடுவான்' என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்துகிற பதில்கள். வங்கத்தின் 34 ஆண்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இரண்டும் நிற்காது.

முதலில் வரவை எழுதுவோம்.

நான் வங்கியில் எழுத்தர். பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் சிட்டாவும் அடங்கலும் கேட்பது என் வேலை. எங்கள் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர், சுற்றிலும் நெல். அந்த நெல்லை விளைவிக்கிறவர்களில் எத்தனையோ பேர் வாய்ப்பேச்சில் விட்ட குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள். அவர்கள் கையில் காகிதம் கிடையாது. உழுவது ஒருத்தர், கடன் வாங்குவது இன்னொருத்தர், வெள்ளம் வந்தால் நிவாரணம் வாங்குவதும் அந்த இன்னொருத்தரே. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கு, பேரு ஏறல. ஒரு பதிவேட்டில் ஒருவர் பெயர் இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் என்பதைப் புத்தகத்தில் படித்து நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் தினமும் அது நிற்கிறது.

ஆகவேதான் 1978-ல் வங்கத்தில் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வை என்னால் லேசாகப் பேச முடியாது. பர்காதார் என்றால் வாரத்துக்கு உழுகிறவர். அதிகாரிகள் நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரிக்கிற பழைய பழக்கத்தை விட்டு, உழுகிறவர் வேலை முடித்து வரும் மாலை நேரத்தில் அவர் இருக்கிற இடத்துக்கே போனார்கள். கூட்டமாக உட்கார வைத்துப் பேசி, பெயர்களை எழுதினார்கள். சுமார் 14 லட்சம் பேர் பதிவேட்டில் ஏறினார்கள். விதையும் உரமும் தன்னுடையதென்றால் விளைச்சலில் முக்கால் பங்கு உழுதவருக்கு. நினைத்தபோது வெளியேற்ற முடியாது. உரிமை பிள்ளைக்கும் போகும். இது தவிர, உச்சவரம்புக்கு மேலிருந்து பிடுங்கிய நிலத்தில் ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர் ஏழைகளுக்குப் பட்டாவாகப் போனது. பட்டா வாங்கியவர்களில் பாதிக்கு மேல் தலித்துகளும் பழங்குடிகளும். 1978-லேயே மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தினார்கள். இந்தியா முழுமைக்கும் அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் வர இன்னும் பதினாலு வருடம் ஆனது. பக்கத்துப் பீகாரில் நிலக்காரச் சாதிகள் ரண்வீர் சேனை என்று தனிப்படை வைத்துச் சேரிகளில் புகுந்து சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், வங்கத்தில் அப்படி ஒரு சாதிப்படை தலையெடுக்க முடியவில்லை. இதையெல்லாம் இல்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

இப்போது பற்றை எழுதுவோம்.

நிலம் கீழே போனது. நாற்காலி கீழே வந்ததா? 34 ஆண்டில் இரண்டே முதலமைச்சர்கள்: 2000 வரை ஜோதி பாசு, பிறகு புத்ததேவ் பட்டாச்சார்யா. ஒருவர் காயஸ்தர், ஒருவர் பார்ப்பனர். வங்கத்தில் பெயரின் வாலே சாதியைச் சொல்லிவிடும். பாசு, முகர்ஜி, தாஸ்குப்தா என்று படித்துக்கொண்டே போகலாம். பார்ப்பனர், காயஸ்தர், வைத்யர் என்ற மூன்று மேல்சாதிகளிலிருந்து வந்த படித்த கூட்டத்துக்கு அங்கே 'பத்ரலோக்' என்று பெயர், மரியாதைப்பட்ட ஜனம் என்று அர்த்தம். காங்கிரஸ் காலத்திலும் அவர்கள்தான். செங்கொடி ஏறிய பிறகும் அவர்கள்தான். 2011 கணக்கெடுப்புப்படி மாநிலத்தில் 100-க்கு 23 பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். எண்ணிக்கையில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம். 1964-ல் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழுவுக்கு முதல் தலித் போய்ச் சேர்ந்தது 2022-ல், கண்ணூர் மாநாட்டில். அவர் வங்கத்துக்காரர், ராமச்சந்திர தோம். 58 ஆண்டுகள் ஆயிற்று. அதற்குள் வங்கத்தில் ஆட்சி வந்து, ஆண்டு, போயும் முடிந்திருந்தது.

கேட்டால் 'நாங்க சாதி பாக்கிறதில்ல தோழர்' என்பார்கள். சாதி பார்க்காத கண்ணுக்கு 58 வருஷமாக ஒரு தலித்கூடத் தென்படாமல் போனது எப்படி தோழர்? மண்டல் குழு வந்தபோது அந்த அரசு எடுத்த நிலையும் இதுதான்: பின்தங்கிய நிலைக்கு அளவுகோல் வறுமை, சாதி அல்ல. இங்கே நம்ம ஊர் மேல்சாதிக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை அங்கே மார்க்சின் பெயரால் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சாதி பார்க்காத அரசுக்குக் கீழே யார் சாவது என்பதற்கு ஒரு தீவு சாட்சியாக இருக்கிறது. அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கிழக்கு வங்கத்து நாமசூத்திரர்கள் இந்தியாவின் விழிப்புற்ற தலித் சமூகங்களில் ஒன்று. 1946-ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தது வங்கத்திலிருந்துதான். அதற்கு முன்நின்று உழைத்தவர் அவர்களுடைய தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல். பிரிவினை அந்தச் சமூகத்தின் முதுகெலும்பை முறித்தது. அகதியாக வந்த மேல்சாதியினர் கல்கத்தாவைச் சுற்றிக் குடியேறினார்கள். அவர்களுடைய காலனிகள் காலப்போக்கில் நிலைபெற்றன. பின்னால் வந்த நாமசூத்திர விவசாயிகளைத் தண்டகாரண்யத்துக் கல்லுக்காட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த இடதுசாரிகள்தான் 'அகதிகளை வங்கத்திலேயே குடியமர்த்து' என்று முழங்கியவர்கள். 1977-ல் நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று நம்பி, 1978-ல் அந்த ஜனங்கள் திரும்பி வந்தார்கள். பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடிசை போட்டார்கள். அரசிடம் காசு கேட்கவில்லை. தாங்களே பள்ளிக்கூடம், மருந்தகம், மீன் வளர்ப்பு என்று ஏற்படுத்திக்கொண்டார்கள்.

காப்புக்காட்டில் அத்துமீறல் என்றது அரசு. 1979 ஜனவரி 24 முதல் தீவைச் சுற்றி முற்றுகை. அரிசி, மருந்து, குடிதண்ணீர் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஜனவரி 31-ல் துப்பாக்கிச்சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தித் தீவையே காலி செய்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் இரண்டு பேர் என்றது அரசு. தப்பி வந்தவர்களோ பசியிலும் நோயிலும் குண்டிலும் போனவர்களை நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள். முறையான ஒரு நீதி விசாரணைகூட நடக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கீழவெண்மணி ஞாபகம் வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, 44 உயிர்களை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். நம் சனம் எந்தக் கொடிக்காகத் தஞ்சையில் எரிந்ததோ, அதே கொடி பறந்த அரசு பத்தே வருடத்தில் இன்னொரு இடத்து நம் சனத்தைத் தண்ணீர் தராமல் விரட்டியது. கொடியைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. வெண்மணியில் கொடியைப் பிடித்திருந்தது சேரிக்காரரின் கை. மரிச்ஜாப்பியில் உத்தரவில் கையெழுத்துப் போட்டது பத்ரலோக்கின் கை. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கொடிக்கு அர்த்தம்.

அதன்பிறகும் முப்பது ஆண்டு ஆண்டார்களே என்று கேட்கலாம். நிலம் கொடுத்த பலன் அது. ஆனால் நிலத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு. அப்பனுக்குக் கிடைத்த ஒரு ஏக்கர் மூன்று பிள்ளைக்குப் பிரிந்தால் ஒருத்தருக்கும் சோறு போடாது. பிள்ளைகள் படிப்பு கேட்டார்கள், வேலை கேட்டார்கள். அதற்குள் கிராமத்தில் கட்சிதான் எல்லாம் என்றாகிவிட்டது. கடன், ஆஸ்பத்திரிப் படுக்கை, அண்ணன் தம்பிப் பாகத் தகராறு, எதுவென்றாலும் உள்ளூர்க் கமிட்டி சொல்ல வேண்டும். அந்தக் கமிட்டியில் பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியாரும் வசதியான விவசாயியும் உட்கார்ந்திருந்தார்கள். உழுகிறவர் வாசலில் நின்றார். பழைய ஜமீன் வாசலுக்குப் பதில் புதிய வாசல்.

படித்து மேலே வந்தவர்கள் கதி என்ன? லோதா சபர் என்பது வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய பழங்குடி. அதிலிருந்து வந்த முதல் பெண் பட்டதாரி சுனி கோட்டால். பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்காகச் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டார், புகார் கொடுத்தார், நீதி கிடைக்கவில்லை. 1992 ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார். இடது ஆட்சியின் பதினாறாவது வருடம் அது. 'சாதி இல்லாத வங்கம்' என்ற கதையை நம்புகிறவர்கள் அந்தப் பெண்ணின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

பிறகு வந்தது சிங்கூர். 2006 தேர்தலில் 294-ல் 235 இடம் பிடித்த கையோடு டாடாவின் கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கரை வெள்ளைக்காரன் காலத்து 1894 சட்டத்தைக் கொண்டே எடுத்தார்கள். பதிவு பெற்ற வாரதாரருக்கு நிலமதிப்பில் கால் பங்கு. பெயர் ஏறாத வாரதாரருக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றுமில்லை. பதிவேட்டில் பெயர் ஏற்றுவதே புரட்சி என்று உலகத்துக்குக் காட்டிய கட்சி, ஏறாத பெயரை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது! 2007 மார்ச் 14-ல் நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். 2011-ல் இடது முன்னணிக்கு 62 இடம். முதலமைச்சரே யாதவ்பூரில் தோற்றார். 2021-ல் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லை.

இந்த வீழ்ச்சியைக் கொண்டாட என்னால் முடியாது. நாமசூத்திரர்களின் மதுவா அமைப்பைத் தேடி மம்தா போனார், பின்னாலேயே பா.ஜ.க. போனது. பார்ப்பனச் சடங்கை எதிர்த்து ஹரிசாந்த் தாக்கூர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மரபு அது. அந்த மக்களின் அகதிக் காயத்தைக் காட்டியே, குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவருவதாகச் சொல்லி 2019-ல் ஓட்டாக மாற்றினார்கள். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் வங்கத்தில் பா.ஜ.க. 18 இடம், இடதுசாரிகள் பூஜ்யம். தலித்துகளின் வரலாற்றைப் பேச 34 வருடம் மறுத்த இடது விட்டுச்சென்ற வெற்றிடத்தில்தான் காவி புகுந்தது. நாம் பேசாத நம் காயத்தை நம் எதிரி பேசுவான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நந்திகிராம் நடந்த அதே 2007-ல் அதே கட்சி தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிப்பு முன்னணியைத் தொடங்க முன்நின்றது. 2008 மே மாதம் உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டதில் அவர்கள் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கும் தெருவில் இறங்கினார்கள். ஆட்சி இருந்த இடத்தில் தெரியாத சாதி, ஆட்சி இல்லாத இடத்தில் எப்படித் தெரிந்தது? திடீரென்று ஞானம் வரவில்லை. 1990-களில் இங்கே தலித் மக்கள் சொந்தக் காலில் எழுந்தார்கள். கரணையில் பஞ்சமி நிலம் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994-ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். தனி மேடை, தனிப் பத்திரிகை, தனிக் குரல் என்று வந்தபிறகு எந்தக் கட்சியும் பார்க்காத மாதிரி போக முடியவில்லை. வங்கத்தில் அப்படி ஒரு சொந்தக் குரல் கட்சிக்குள் கரைந்துபோனது. கரைந்தவரை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆகவே, மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடதுசாரிகளோடு சேர்ந்து நில்லுங்கள். நிலத்தையும் கூலியையும் பேச நமக்கு வேறு கூட்டாளி அதிகம் இல்லை. ஆனால் உங்கள் அமைப்பைக் கலைத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பதிவேட்டில் யார் பெயர்? கமிட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அதே கேள்வியை நம் அமைப்புகளிலும் கேட்க வேண்டும். நம்ம மேடையில் அருந்ததியர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், அவர்கள் பேச எழுந்தால் மைக் எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது? இதுக்குப் பதில் சொல்லாம வங்கத்த மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போக முடியாது.

பட்டா வந்தால் நாற்காலி தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால், 34 வருடம் காத்திருந்த ஒரு சனம் இருக்கிறது, அவர்களைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.