ஹீட்டருக்கும் ஒரு பரீட்சை!



அரையாண்டுத் தேர்வுக்கு நீங்கள் மும்முரமாகப் படிக்கும் நாட்களில்தான் உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரும் பரணிலிருந்து இறங்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வருடத்தில் பாதி நாட்களுக்கு மேல் யாரும் அதை நினைப்பதே இல்லை. கார்த்திகை பிறந்து, "தண்ணி சில்லுனு இருக்குது, வெந்நீர் வெச்சுக் குடு" என்று ஆயா சொன்ன பிறகுதான் தேடுகிறோம். பழைய துணியில் சுற்றி வைத்த ஹீட்டர் ராடை எடுத்து, தூசியைத் தட்டி, அப்படியே வாளியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டுவிடுகிறோம்.

சும்மா கிடந்த சைக்கிளை எடுத்தால்கூட டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாகச் சந்திக்கும் ஒரு பொருளைப் பார்க்காமலேயே உபயோகிக்கலாமா?

சிம்லா, மணாலி போன்ற ஊர்களில் குளிர்காலத்துக்கு முன் ஹீட்டரையும் குழாய்களையும் கட்டாயம் கவனிப்பார்கள். அங்கே குழாயில் நிற்கும் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிடும். உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அந்த அழுத்தத்தில் இரும்புக் குழாயே விரிசல் விட்டுவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழி விடியற்காலையிலும் இங்கே 20 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் ஊர் ஹீட்டருக்கு எதிரி பனி அல்ல. மழை ஒன்று, உப்புத் தண்ணீர் மற்றொன்று.

மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் 15 சென்டிமீட்டர். அதை மூன்று முறை அடுக்கினாலும் அந்த உயரம் வராது! விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வளவு பெரிய புயல் வராத வருடத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஊறிப்போகும். சுவரில் பதித்த ஸ்விட்ச் போர்டும் அதோடு ஈரமாகும். சரியாக அந்த நேரத்தில்தான் ஹீட்டரை மாட்டுகிறோம்!

அடுத்தது உப்பு. நம் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது. அதைக் காய்ச்சும்போது கால்சியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொருள் பிரிந்து ராடின் மேல் படிகிறது. இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? ராடின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும். நடுவில் நிக்கல், குரோமியம் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்வது அதில்தான். அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கமாக அடைத்திருப்பார்கள். இது ஒரு அதிசயமான தூள். வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. அதற்கும் வெளியே இருக்கும் செம்பு அல்லது எஃகுக் குழாயைத்தான் நாம் பார்க்கிறோம்.

வெளிக்குழாயின் மேல் உப்பு கனமாகப் படிந்தால், வெப்பம் சுலபமாகத் தண்ணீருக்குப் போக முடியாது. குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். நாளடைவில் அரித்து, மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போனால் தூள் நனையும். நனைந்த தூள் மின்சாரத்தைத் தடுக்காது. வாளித் தண்ணீரிலேயே மின்சாரம் வந்துவிடும். பார்ப்பதற்கு அது சாதாரணத் தண்ணீராகத்தான் இருக்கும்!

ஆகவே குளிர் வந்த பிறகு அல்ல, மழைக்கு முன்பே ஹீட்டருக்குப் பரீட்சை வைத்துவிட வேண்டும். வைக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன். மெகர் என்ற கருவியால் ராடில் கசிவு இருக்கிறதா என்று அவர் அளந்து சொல்லிவிடுவார். சிலர் டெஸ்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, "லைட் எரியல, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அதைப் பரீட்சை என்று ஏற்க மாட்டேன். படிந்திருக்கும் உப்பைக் கத்தியால் சுரண்டவும் கூடாது. பிளக்கில் மாட்டாத, நன்றாக ஆறிய ராடின் உப்புப் படிந்த பகுதியை மட்டும் வினிகர் கலந்த தண்ணீரில் பெரியவர்கள் ஊற வைக்கலாம். குமிழி குமிழியாக வரும். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் என்ன வாயு வரும்? பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொல்லுங்கள் பார்க்கலாம்.

உங்களால் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய விஷயமும் உண்டு. ஹீட்டரின் பிளக்கில் மூன்று பின் இருக்கும். மேலே உள்ளது மட்டும் தடியாகவும் நீளமாகவும் இருப்பது ஏன்? அது எர்த் பின். நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியாக விடும். ராடில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதை அதுதான். சில வீடுகளில் பிளக் சரியாகப் பொருந்தவில்லை என்று அந்தப் பின்னையே வெட்டிவிடுகிறார்கள். பாதுகாப்பை வெட்டி எறிவதற்குச் சமம் அது. பின் உடைந்திருந்தாலோ, வயர் உரிந்திருந்தாலோ உடனே அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள், நீங்கள் தொடாதீர்கள்.

பிளக் பாயிண்டையும் கவனியுங்கள். 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும்? 1500-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். டி.வி., செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். கருகிய வாடை வரும் பாயிண்டில் மாட்டவே கூடாது.

மெயின் போர்டில் 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பட்டன் இருக்கிறதா? இருந்தால் அது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. வீடுகளில் வழக்கமாகப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அந்த அளவுக்குக் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். ராடு இழுக்கும் மின்சாரத்தில் இது 200-ல் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய கசிவுக்கு ஃபியூஸ் போகாது. ஆனால் மனித உயிருக்கு அது ஆபத்து. மாதம் ஒரு முறை பெரியவர்கள் அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். 'டப்' என்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஹீட்டர் வாங்கும் காசுக்கு முன் இதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.

இனி வாளிக்கு வருவோம். எவர்சில்வர் வாளி, பித்தளை அண்டா எதுவும் ஆகாது. பிளாஸ்டிக் வாளி சரி; ஆனால் ராடு அதன் சுவரில் படக்கூடாது, உருகிவிடும். தண்ணீருக்குள் இறக்கிய பிறகுதான் ஸ்விட்ச். ராடில் போட்டிருக்கும் கோட்டு அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். சுட்டுவிட்டதா என்று பார்க்க விரலை விடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய பயம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே யாரும் தண்ணீரைத் தொட வேண்டும்.

விரல் விடாமல் எப்படித் தெரியும்? கணக்குப் போடுங்கள்! ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கிலோ கலோரி வேண்டும். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 20 × 15 = 300 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆக, மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல். 1500 வாட் ராடுக்கு அது 14 நிமிட வேலை. அவ்வளவுதான்! அந்த 14 நிமிடமும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கலாமே. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போவதும், "நீ போய் அணைச்சிடு" என்று பிள்ளைகளை அனுப்புவதும் சரியில்லை. விழுப்புரத்தில் ரயிலைப் பிடிக்கிற அவசரமாக இருந்தாலும் இது பிள்ளைகளின் வேலை அல்ல. பெற்றோர் இதைப் படித்தால் என் மேல் கோபப்பட வேண்டாம்.

காஸ் கீசர் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் பொருத்த வேண்டும். மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கும்போது தலை சுற்றினால் உடனே கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோ அம்மாவோ பரணிலிருந்து ராடை இறக்கினால் பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று பின்னும் இருக்கிறதா, வெள்ளை உப்பு எவ்வளவு படிந்திருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். பதில் வரும்வரை வாளியில் இறக்க விடாதீர்கள்.