முதற்பொருள் இழந்த கருப்பொருள்

சென்ற மாதம் நண்பர் ஒருவரது இல்லத்தில் இலக்கியச் சந்திப்பு நடந்தது. கூடத்துச் சுவரை ஒட்டி நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல விளக்கொளியில் உப்புநீர், பாறைகள், பலவண்ண மீன்கள். வந்திருந்த அன்பர் ஒருவர், ‘வீட்டுக்குள்ளேயே நெய்தலைக் கொண்டுவந்துவிட்டீர்களே!’ என்று வியந்தார். எல்லோரும் ஆமோதித்தனர். விருந்தினன் என்பதால் அன்று நான் வாய் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்கள் கருப்பொருள். இவ்வரிசையைத் தொல்காப்பியம் காரணமின்றி வகுக்கவில்லை. முதலை விட்டுவிட்டுக் கருவை மட்டும் பெயர்த்தெடுத்தால் எஞ்சுவது திணையாகாது. பதினைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் இதைச் சொல்லிவரும் எனக்கே, இதன் பொருளை ஒரு மீன்தான் உணர்த்தியது.

நானும் தொட்டி வைத்திருந்தவன்தான். உப்புத்தூளைக் கரைத்து நீரின் ஒப்படர்த்தியை 1.025 அளவில் நிறுத்துவதிலும், கோடையில் வெப்பம் 26 பாகை செல்சியஸைத் தாண்டாமல் காப்பதிலும் இரண்டு ஆண்டுகள் கழித்தேன். அதில் இன்பமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிஸ்டல் இறாலும் உளுவை மீனும் ஒரே வளையில் குடியிருப்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பார்வை மங்கிய இறால் மணலைத் தோண்டி வீட்டைப் பராமரிக்கும். வாயிலில் உளுவை காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு எப்போதும் மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து நெருங்கினால் உளுவை வாலைச் சிலிர்க்கும். மறுகணம் இரண்டும் வளைக்குள். கோமாளி மீன்களின் குடும்பம் இதினும் விந்தை. கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அது இறந்தால் அதன் இணையான ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும்.

இந்த மகிழ்ச்சியில்தான் ஒரு மாண்டரின் மீனை வாங்கினேன். நீலமும் செம்மஞ்சளும் கோலமிட்ட உடல். ‘எதைப் போட்டாலும் தின்னும் சார்’ என்றார் கடைக்காரர். தின்னவில்லை. அது பகல் முழுதும் பாறையைக் கொத்திக் கோப்பிபாட் முதலிய மிகச் சிறிய ஓட்டுடலிகளைப் பொறுக்கி உண்டு வாழும் உயிர் என்பதை, அதன் வயிறு ஒட்டிய பிறகே படித்து அறிந்தேன். என் தொட்டியின் பாறைகளில் இருந்தவற்றை அது சில வாரங்களிலேயே தின்று தீர்த்துவிட்டிருந்தது. ஐந்தாம் வாரம் இறந்தது. உப்பின் அளவு சரியாக இருந்தது. வெப்பம் சரியாக இருந்தது. அதற்குரிய நிலம் மட்டும் இல்லை. கடைக்காரரைக் குறை கூறி நான் தப்பிக்க முடியாது. கேட்காமல் வாங்கியவன் நான்.

ஒரு மீனின் சாவுக்கு இவ்வளவு ஒப்பாரியா என்பீர்கள். இந்தோனேசியாவின் சுலவேசிக்கு அருகிலுள்ள பாங்காய் தீவுகளுக்கு வாருங்கள். பாங்காய் கார்டினல் மீனின் இயற்கையான வாழிடம் அச்சிறு தீவுக்கூட்டமே. 1933இல் அறிவியல் பெயர் பெற்ற இம்மீன், 1990களின் நடுவில் மீண்டும் கவனத்துக்கு வந்ததும் தொட்டி வணிகம் அதை அள்ளத் தொடங்கியது. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. இம்மீனின் தந்தை முட்டைகளையும் பின்னர்க் குஞ்சுகளையும் ஏறத்தாழ ஒரு மாதம் உண்ணாமல் வாயிலேயே சுமக்கும். வெளிவரும் குஞ்சுகளும் கடல் முள்ளெலியின் முட்களிடையே அங்கேயே தங்கிவிடும். மற்ற மீன்களின் குஞ்சுகளைப்போல் நீரோட்டத்தில் தொலைதூரம் மிதந்து செல்வதில்லை. ஆகவே ஓரிடத்தில் அள்ளித் தீர்த்தால், அவ்விடத்தை நிரப்ப வேறிடத்துக் குஞ்சுகள் மிதந்து வருவதற்கு வழியில்லை. தந்தையின் பாசத்தை வியந்து வாங்குகிறவரே அந்தக் குலத்தை வேரறுக்கிறார்.

பிடிக்கும் முறையோ இதினும் கொடிது. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு முறையில், நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பர். மீன் மயங்கும், அது ஒளிந்திருந்த பவளம் சாகும். சட்டம் தடுத்த பின்னும் இவ்வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

தொட்டிதானே கடல்மீது அன்பை வளர்க்கிறது என்று நண்பர் மறுப்பார். ஓரளவு ஒப்புகிறேன். பண்ணையில் பிறந்த மீன்களை வளர்ப்போரோடு எனக்கு வழக்கில்லை. கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையமே செய்து காட்டியிருக்கிறது. பாங்காய் கார்டினலும் தொட்டியிலேயே எளிதில் குஞ்சு ஈனும். வழி இருக்கும்போது கடலில் கைவைப்பதை அன்பு என்பதில்தான் எனக்கு மறுப்பு. மன்னார் வளைகுடாவைத் தன் கடலாகக் கொண்ட நாம் இதில் இன்னும் கூச்சப்பட வேண்டும். பவளங்களும் கடற்குதிரைகளும் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன.

ஆகவே நண்பரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது மீனின் விலையைக் கேட்கும் முன், அது எங்கே பிறந்தது என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத கடையில் எதையும் வாங்காதீர்கள். நான் கேட்காமல் வாங்கியதால் காலியான தொட்டி, இன்றும் என் வீட்டு மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது.