சந்தூரை உடைக்கச் சொல்பவர்களுக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அனைவரும் கலைந்த பின், தொண்டாமுத்தூரில் நம்மிடம் ஒரு தந்தை வந்து அமர்ந்தார். துணி வியாபாரத்திற்காக வடக்கே போய்வருபவர். அவருடைய மகன் நம்மிடம் குர்ஆன் ஓதும் பிள்ளை. அவர் ஸ்ரீநகரிலிருந்து வாங்கி வந்த சந்தூரை அந்தப் பிள்ளை ஓராண்டாக, அலைபேசி வழியே ஓர் ஆசிரியரிடம் கற்று வருகிறான். "ஹஜ்ரத், அதைத் தெருவில் வைத்து உடைத்தால்தான் என் மகள் நிக்காஹுக்கு வருவோம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் தழுதழுத்தது.

அவருக்குரிய பதிலை அவரிடம் தனியே சொல்லிவிட்டோம். உடைக்கச் சொன்னவர்களுக்கு உரிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். நாம் ஹனஃபி மத்ஹபில் பாடம் கற்றவர்கள். நம் வீட்டில் இசைக்கருவி இல்லை. வைக்கும் எண்ணமும் இல்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளைத் தடுத்தே இருக்கிறார்கள். லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் வரும் வீண் பேச்சு என்பதற்குப் பாட்டு என்றே இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்தார்கள். புகாரியில், பானங்கள் பற்றிய பகுதியில், விபச்சாரம், பட்டு, மது ஆகியவற்றோடு இசைக்கருவிகளையும் சேர்த்து எச்சரிக்கும் ஹதீஸ் உள்ளது. இவற்றை நாம் மறைக்கவில்லை. மறைத்து ஒரு பிள்ளையைக் காப்பது அமானிதத்துக்கு மாறு செய்வதாகும்.

ஆனால் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதும் அதே தவறுதான். அந்த ஹதீஸின் தொடரில் குறை கண்டு, கருவிகள் ஆகுமானவை என்றவர் ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (ரஹ்). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் சில நரம்புக் கருவிகளைத் தடுத்தார். ஆனால் ஒலியின் இனிமை அதற்குக் காரணமன்று, குடிகாரர்களின் சபையோடு அவை ஒட்டியிருந்ததே காரணம் என்று விளக்கினார். நம் காலத்திற்கு அருகில், அல்அஸ்ஹரின் ஷைகு மஹ்மூத் ஷல்தூத் அவர்களும், 2022இல் மறைந்த யூசுஃப் அல்கர்ளாவி அவர்களும் நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். அவர்கள் கருத்தை நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைக் கேட்டுப் பேசியவர்கள் அல்லர்.

இப்போது உடைக்கும் விஷயத்திற்கு வருவோம். ஹனஃபி என்று சொல்லிக்கொண்டு உடைக்கக் கிளம்பியவர்கள், நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில் பிறர் பொருளை அபகரித்தல் பற்றிய பாடத்தைத் திறக்கட்டும். ஒரு முஸ்லிமின் இசைக்கருவியை உடைத்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஈடு இல்லை என்றார்கள்; அதன்படியே ஃபத்வா என்ற கூற்றும் அங்கே பதிவாகி உள்ளது. ஆனாலும் அதே இடத்தில் இமாமவர்களின் தரப்புக்குத் தரப்படும் காரணத்தைக் கவனியுங்கள்: கையால் தடுப்பது ஆட்சியாளர்களின் பொறுப்பு, மற்றவர்களுக்கு நாவு மட்டுமே. கூடாது என்று கருதும் ஒரு பொருளுக்கே இத்தனை நிதானம்! தெருவில் கூடிய நான்கு பேருக்கு ஆட்சியாளரின் கையை யார் கொடுத்தது?

"இது நம் கருவியே அல்ல, மாற்றாருடையது" என்றும் ஒருவர் சொன்னாராம். சந்தூர் என்றால் நம்மூரில் பலருக்குச் சோப்பின் பெயர்தான் நினைவுக்கு வரும்; ஆகவே அதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. சரிவக வடிவிலான மரப்பெட்டி. காஷ்மீர் சந்தூரில் 25 குதிரைகள், குதிரைக்கு 4 கம்பிகள் வீதம் 100 கம்பிகள். வளைந்த நுனியுள்ள இரு மெல்லிய கோல்களால் தட்டி வாசிப்பார்கள். அந்தக் கோலுக்குக் காஷ்மீரில் 'கலம்' என்றே பெயர். ஈரானில் இதன் உறவான சந்தூருக்கு 72 கம்பிகள். காஷ்மீரின் சூஃபியானா சபைகளில் பாரசீக, காஷ்மீரி மொழி ஞானப் பாடல்களுக்குத் துணையாகத் தலைமுறை தலைமுறையாக இதை வாசித்தவை முஸ்லிம் குடும்பங்கள்தாம். அவர்களில் ஒருவரான குலாம் முஹம்மத் ஸாஸ்நவாஸ் 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். ஸ்ரீநகரில் எட்டுத் தலைமுறையாகச் சந்தூர் செய்துவரும் குடும்பத்தின் குலாம் முஹம்மத் ஸாஸ் 2023இல் அதே விருதைப் பெற்றார். ஜம்முவில் பிறந்த பண்டிட் சிவகுமார் சர்மா இந்தக் கருவியை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுசென்றார். 2022இல் அவர் மறைந்தபோது அவருடைய பாடையைச் சுமந்த தோள்களில் ஒன்று ஜாகிர் ஹுசைனுடையது.

முஸ்லிம்கள் வாசித்தார்கள் என்பதால் ஒன்று ஹலால் ஆகிவிடாது. அதை நாம் அறிவோம். ஆனால் பொய்யான வரலாற்றைச் சொல்லி ஒன்றை ஹராம் ஆக்கவும் முடியாது.

அடுத்து நம் வீடுகளைப் பார்ப்போம். ரமலான் சஹர் நேரத்தில் நாகூர் ஹனிஃபாவின் குரல் கேட்காத தெரு கொங்கு நாட்டில் இருந்ததா? அந்தப் பாடல்களின் பின்னே ஒலித்த கருவிகள் யார் காதிலும் விழவில்லையா? இன்று உடைக்கச் சொன்னவர்களில் ஒருவர் வீட்டு வலீமாவில் டீஜே வைத்து இஷா தொழுகை வரை அலறவிட்டதை ஊரே கேட்டது. அன்று யாரும் நிக்காஹைப் புறக்கணிக்கவில்லை. பிரியாணி உண்டு, துஆ செய்து திரும்பினோம். பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் கேட்டு வாங்கும் நிக்காஹ்களுக்குப் புத்தாடை உடுத்திப் போய் முன்வரிசையில் அமர்கிறோம். மஹர் கொடுக்க வேண்டியவன் கை நீட்டி வாங்குவது தவறு என்பதில் எந்த இமாமுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருமித்த ஹராமுக்கு முன் ஊமையாகி, கருத்து வேறுபாடுள்ள விஷயத்தில் ஒரு சிறுவன் முன் சிங்கமாவது தக்வா அன்று. எளியவனைத் தேர்ந்தெடுத்து அடிப்பதற்கு வேறு பெயர் உண்டு.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கண்டிருக்கிறோம். 2013இல் காஷ்மீரில் 'பிரகாஷ்' என்ற பெயரில் பாடி இசைத்த மூன்று பள்ளிச் சிறுமிகள், தலைமை முஃப்தியின் கண்டனத்துக்கும் இணையத்தில் வந்த மிரட்டல்களுக்கும் ஆளாகி இசையையே கைவிட்டார்கள். அந்த ஆபாச மிரட்டல்களை எழுதிய நாவுகளும் மார்க்கத்தின் பெயரைத்தான் சொல்லின. 2023இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் கருவிகளைக் குவித்துத் தீயிட்டார்கள். அந்தத் தீயால் ஒருவருடைய தொழுகையாவது சீரானதா?

பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமத்து அரபியைத் தோழர்கள் அதட்ட எழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்; அவர் முடிக்கும்வரை விட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்தார்கள். பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் சிறுமியர் இருவர் தஃப் அடித்துப் பாடியதை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடும்படி சொன்னார்கள். தஃபுக்குரிய அனுமதியைச் சந்தூருக்கு நீட்ட முடியுமா என்பது ஆலிம்களின் விவாதம், அது நடக்கட்டும். பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதில் விவாதமே இல்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி நாம் அறிந்ததையும் சாட்சியாகச் சொல்கிறோம். அவனுடைய சபக் குறையவில்லை. ஒரே கம்பியை நூறு முறை தட்டிச் சரிபார்க்கப் பழகியவன், 'ளாத்' எழுத்தின் உச்சரிப்புக்கு இருபது முறை திருப்பி ஓதச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை. ஒருநாள் பயிற்சியில் மூழ்கி மஃரிபுக்குப் பிந்தி வந்தான்; கண்டித்தோம். மறுநாள் முதல் பாங்கு கேட்டதும் கோல்களை வைத்துவிடுகிறான் என்று அவன் அத்தா சொன்னார்.

அவனிடம் நாம் கேட்டவை நான்கு: தொழுகை தவறக் கூடாது, ஓதுவதைக் குறைக்கக் கூடாது, மது பரிமாறும் சபையிலும் ஆபாசப் பாட்டுக்கும் வாசிக்கக் கூடாது, வளர்ந்து, இரு தரப்பு ஆதாரங்களையும் தானே படித்து, விட வேண்டும் என்று உள்ளம் சொன்னால் அல்லாஹ்வுக்காக விட வேண்டும். அன்று அவனாக விட்டால் அது இபாதத். இன்று நீங்கள் தெருவில் உடைத்தால் அவன் விடப்போவது சந்தூரை மட்டுமல்ல, பள்ளிவாசலையும்தான் என்று அஞ்சுகிறோம்.

நிக்காஹுக்கு நாம் போகிறோம், இன்ஷா அல்லாஹ். குத்பாவும் நாமே ஓதுகிறோம். உடைக்கச் சொன்ன சகோதரர்களும் வாருங்கள். மணமகன் வீட்டார் ஒரு ரூபாய்கூட வாங்காத நிக்காஹ் அது. அதற்காகவாவது வந்து துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.